கோழி மிதிக்காத கம்பளம்

“ஒரு தடவை நேர்ல வந்து பாருங்க சார்.”

இந்த ஒன்றை மட்டும் எந்தக் காலத்திலும் கேட்கக் கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே அவளிடம் சொல்லிவைத்திருந்தார்கள். விடுப்பு கேட்கலாம், கிடைக்காது. உட்கார நாற்காலி கேட்கலாம், ஒரு கால் ஆடுகிற நாற்காலி வரும். ஆனால் கோழி உறைவிட மேம்பாட்டு வாரியத்தின் அதிகாரி ஒருவரை ஒரு கோழிக் கூண்டைப் பார்க்க வரச் சொல்வது அந்தக் கட்டடத்தில் நடக்கக் கூடாத காரியம். கண்காணிப்பாளர் அம்மா அதை விளக்கும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு, புது மருமகளிடம் மாமனாரின் பழைய விவகாரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார்: “பெரியவங்க எல்லாம் உக்காந்து யோசிக்கிறவங்கம்மா. உக்காந்தவங்களைக் கிளப்பக் கூடாது.”

அவள் கிளப்பிவிட்டாள். அதுவும் தரைவிரிப்புத் தேர்வுக் குழுவின் கூட்டத்தில், பிஸ்கட் தட்டை மேசைமேல் வைத்த கையோடு.

தேநீரைக் கலக்கிக்கொண்டிருந்த கரண்டிகள் நின்றன. துணை இயக்குநர் வாயில் பாதி பிஸ்கட்டோடு இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் சொன்ன பிறகுதான் மென்று விழுங்குவது என்று முடிவு செய்தவர் போல இருந்தார்.

இயக்குநர் கோபப்படவில்லை. கோபப்படாததற்குப் பெயர்போனவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சின்னப் பொண்ணு, ஆசையில கேட்டுடுச்சு. பரவாயில்ல. ஆனா ஒண்ணு புரிஞ்சுக்கணும்மா. நான் போயி ஒரு கூண்டைப் பாத்தேன்னு வெச்சுக்கோ. அப்புறம் என் மனசு முழுக்க அந்த ஒரு கூண்டுதான் நிக்கும். மத்த கூண்டுங்களுக்கெல்லாம் அநியாயம் பண்ணவன் ஆயிடுவேன். ஒண்ணையுமே பாக்காததாலதான் என்னால எல்லாத்தையும் சமமாப் பாக்க முடியுது. இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு கோழியோட கண்ணைக்கூட நான் நேராப் பாத்தது கிடையாது. அதுக்குப் பேருதான் நடுநிலைமை.”

மேசை தட்டப்பட்டது.

“தட்டுல பாத்தது கணக்குல வராது” என்று இயக்குநர் ஒரு வார்த்தை சேர்த்தார். அது நகைச்சுவை என்பதால் எல்லோரும் சிரித்தார்கள். துணை இயக்குநர் அப்போதுதான் பிஸ்கட்டை விழுங்கினார்.

வீட்டில் அவளுக்குப் பாப்பா என்று பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் தெருவில் டிகிரி. வாரியத்தில் டெம்பரரி. மூன்று பெயர்களில் மூன்றாவதற்குத்தான் சம்பளம் வந்தது. அடுத்த வருடம் நிரந்தரம் ஆக்கிவிடுவார்கள் என்று ஒவ்வொரு வருடமும் சொன்னார்கள்.

அவள் படித்த படிப்பு முட்டை விற்றுப் படித்த படிப்பு. அப்பா போன பிறகு அம்மாவுக்கு மிஞ்சியது கொஞ்சம் கோழிகளும் கொஞ்சம் வாயும். இரண்டையும் வைத்தே மகளைக் கரையேற்றினாள். அந்தக் கோழிகள் போனால் வீட்டில் அடுப்பு எரிவது சந்தேகம். இதை அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. டெம்பரரியின் சம்பளம் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் சரியாகப் போய்விடும், அடுப்புக்கு முட்டைதான்.

வாரியம் கொடுத்த மரக் கூண்டு பின்முற்றத்தில் நின்றது. அழகான கூண்டுதான். சரிவான கூரை, கம்பிவலை ஜன்னல், தாழ்ப்பாள் போட்ட குட்டிக் கதவு, முழங்கால் உயரத்துக்கு நான்கு கால்கள். தரை மட்டும் வெறும் ஒட்டுப்பலகை. கோழி எச்சமிடும் என்கிற தகவல் அதை வடிவமைத்தவர்களுக்குக் கிடைத்திருக்கவில்லை.

முதல் மழைக்காலத்தில் பலகை எச்சத்தையும் ஈரத்தையும் குடித்தது. இரண்டாவது மழைக்காலத்தில் உப்பியது. இப்போது மூலையில் விரலை அழுத்தினால் ஊறின ரொட்டியில் இறங்குகிற மாதிரி இறங்கியது. காலையில் கதவைத் திறந்தால் வாடை கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. ஈரத்திலேயே நின்று நின்று கோழிகளுக்குப் பாதம் வெந்து, நடுவில் கறுப்பாகப் புண் கட்டியது. எல்லாக் கோழியையும் அதட்டி நடத்துகிற பெரிய பெட்டைக்கு அம்மா வைத்திருந்த பெயர் மேனேஜர். அந்த மேனேஜரே இப்போது ஒற்றைக் காலில் நின்றுகொண்டு யாரையும் அதட்டாமல் இருந்தது.

இதற்கு என்ன செய்வது என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டு மேசையிலும் அடுப்பு மேடையிலும் விரிக்கிற தடித்த பிளாஸ்டிக் ஷீட்டைக் கூண்டின் அளவுக்கு வெட்டி, ஓரங்களை நாலு விரல் உயரத்துக்குச் சுவரில் தூக்கி ஆணி அடித்து, மேலே மரத்தூளைக் கொட்ட வேண்டும். வாரத்துக்கொருமுறை தூளை வாரிப் போட்டுவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் கழுவிவிடலாம். ஒரு மத்தியான வேலை.

ஆனால் வாரியத்தின் கூண்டில் வாரியம் தேர்ந்தெடுக்கிற பாதுகாப்புத் தரைவிரிப்பைத் தவிர வேறெதையும் போடக் கூடாது. ஓர் ஆணி அடித்தாலும் கூண்டைத் திரும்ப எடுத்துக்கொள்வார்கள். வாரியம் இரண்டு வருடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தது.

“என்ன சொன்னாங்க உங்க ஆபீஸ்ல?” என்று அம்மா கேட்டாள்.

“ஆய்வுல இருக்காம்.”

“ஆய்வுன்னா?”

“உக்காந்து பிஸ்கட் சாப்பிடறது.”

“பெரிய மனுசங்களை அப்படிப் பேசாத பாப்பா. உன்னைப் பர்மனன்ட் பண்ணப் போறாங்க. அதுவரைக்கும் அந்த வாயை மூடித் தொலை.”

“உன் வாய்தான்மா எனக்கு வந்திருக்கு.”

“என் வாய் கோழிகிட்டதான் பேசும். உன் வாய் இயக்குநர்கிட்டல்ல பேசுது!”

ஆனால் அம்மாவுக்கும் பொறுமை இன்னும் ஒரு மழைதான் தாங்கியது. கூண்டு வழங்கும் விழா முடிந்ததும் மேடைக்குப் பின்னால் கிடந்த பெரிய பிளெக்ஸ் பேனர் ஒன்றை எதற்காவது ஆகும் என்று அவள் கேட்டு வாங்கி வைத்திருந்தாள். அதில் இயக்குநர் கைகட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு கோழி. மகள் ஆபீஸுக்குப் போயிருந்த நேரத்தில் அம்மா அதை வெட்டிக் கூண்டுக்குள் விரித்து, மரத்தூளைக் கொட்டிவிட்டாள். ஆணி அடிக்கவில்லை, சட்டத்தை மதிக்கிறவள். வாசல் பக்கம் மட்டும் ஓரம் கனமாக இருக்கட்டும் என்று ஒரு மடிப்பு மடித்துவிட்டாள்.

கூண்டுகளில் அடித்த எண் பலகையைப் படம் பிடிக்க வருடத்துக்கொருமுறை வாரியத்தின் வண்டி ஒன்று தெருவில் போகும். நிற்காது. அன்றைக்கு நின்றது. வேலி வழியாகப் பார்த்த டிரைவருக்கு, அந்த மடிப்பில் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு காதும் பாதி மீசையும் தெரிந்தன.

இரண்டு வருடமாக யாரும் எட்டிப்பார்க்காத பின்முற்றத்துக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று வண்டிகள் வந்தன. கண்காணிப்பாளர் அம்மா இறங்கினார். கூடவே அவளையும் கூட்டி வந்திருந்தார், சாட்சியாகவா குற்றவாளியாகவா என்று சொல்லாமல்.

“இது யாருன்னு தெரியுமா?”

“தெரியாம என்னங்க, பெரிய சார்” என்றாள் அம்மா.

“சார் மேல கோழியை விட்டிருக்கீங்க.”

“ஐயையோ, மேல இல்லீங்கம்மா! மூஞ்சியைக் கீழ வெச்சுதான் போட்டேன். எச்சம் பட்டுடக் கூடாதுல்ல.”

“அப்போ சாரைக் குப்புறத் தள்ளி அவர் முதுகுல கோழியை மேய விட்டிருக்கீங்க.”

“முதுகெல்லாம் அதுல இல்லீங்களே. அந்தப் பக்கம் வெறும் வெள்ளைதான்.”

“எதிர்த்துப் பேசாதீங்க.”

“வேணும்னா நிமித்திப் போட்டுடட்டுங்களா?”

மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா ஆத்திரமா என்று அவளுக்கே தெரியவில்லை. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து, தூள் சிந்தாமல், வெகு மரியாதையாகப் பிளெக்ஸைத் தூக்கிப் போனார்கள். பின்னால் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நடந்தார். அடியில் இருந்த அழுகிய பலகையை ஒருவரும் பார்க்கவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டால் கண்ணும் தானாக மூடிக்கொள்கிறது போலும். ஒற்றைக் காலில் நின்ற மேனேஜர் மட்டும் கண்காணிப்பாளர் அம்மாவை ஒரு பக்கக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்வையை வேறு பக்கம் திருப்பினார். நடுநிலைமை.

இயக்குநரை நிமிர்த்திப் போடுவது பெரிய அவமானமா, கவிழ்த்துப் போடுவதா என்று ஆராய வாரியம் ஒரு தனிக் கூட்டம் போட்டது. கருத்து ஒன்றுபடவில்லை. ஆனால் ஒரு நன்மை விளைந்தது. இப்படிக் கண்டதையும் விரிக்கிற அளவுக்கு ஜனங்கள் துணிந்துவிட்டதால், தரைவிரிப்புத் தேர்வை இனியும் தள்ளிப்போட முடியாது என்று இயக்குநர் சொன்னார்.

தரை நிபுணர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். விமான நிலைய ஓய்வறைகளுக்குத் தரை போட்டவர். கோழி விமானத்தில் போவதில்லை என்பதை யாரும் அவரிடம் ஒரு குறையாக எடுத்துச் சொல்லவில்லை.

கூண்டைப் போய்ப் பார்ப்பதில்லை என்பது கொள்கை. ஆகையால் கூண்டு வரவழைக்கப்பட்டது. அதாவது, கூட்ட அறைக்குள்ளேயே புதிதாக ஒன்று கட்டினார்கள். அதிகாரிகள் குனியாமல் நுழைவதற்காகப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டினார்கள். ஏசி காற்று உள்ளே போவதற்கு வலை ஜன்னலில் ஒரு வழி விட்டார்கள். ரப்பர் விரிப்பு, தக்கை, பிளாஸ்டிக் ஷீட், பலகையைக் காப்பாற்ற இன்னொரு பலகை, மெரூன் நிறக் கம்பளம் என்று உள்ளே வரிசையாகப் பரப்பினார்கள்.

“நாம இப்ப கோழியோட இடத்துல நின்னு யோசிக்கணும்” என்றார் இயக்குநர்.

எல்லோரும் காலணியைக் கழற்றினார்கள். காலுறையையும் கழற்றினார்கள். கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு ஒவ்வொரு விரிப்பின்மேலும் குந்தினார்கள். துணை இயக்குநர் ஆர்வமிகுதியில் இரண்டு கையையும் மடக்கி விலாவில் வைத்துக்கொண்டார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம்கூடக் கொடுத்தார். குறிப்பு எடுக்க ஓரத்தில் நின்றிருந்த அவள் அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல், “துணை இயக்குநர் கருத்துத் தெரிவித்தார்” என்று எழுதினாள்.

ரப்பர் நாறுகிறது என்றார்கள். தக்கை உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டியது. பிளாஸ்டிக் ஷீட்டின் முறை வந்தது. அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

இயக்குநர் அதைக் கட்டை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“இது எங்கயோ பாத்த மாதிரி இருக்கே?”

“சாதாரண ஜனங்க வீட்டுல மேசைக்கு விரிக்கிறது சார்” என்றார் கண்காணிப்பாளர் அம்மா.

“அதானே பாத்தேன். ஏழைங்க வீட்டுல ஏற்கெனவே இருக்கறதை எடுத்து ஏழைங்களுக்கே கொடுக்க ஒரு வாரியம் எதுக்கு? அவங்க நம்மகிட்ட எதிர்பாக்கறது அவங்களால நினைச்சுக்கூடப் பாக்க முடியாத ஒண்ணை. அதைக் கொடுக்கலன்னா நாம யாரு?”

அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்தது. டெம்பரரி என்பதால் விழுங்கினாள்.

பிறகு இயக்குநர் மெரூன் கம்பளத்தின் மேல் குந்தினார். கால் விரல்களை விரித்தார், மடக்கினார். முகம் இளகியது. அப்படியே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் எழுந்திருக்கவில்லை. அவருடைய அறைக்குப் போன மாதம் இதே நிபுணர்தான் இதே கம்பளத்தைப் போட்டார் என்பதும், அதில் பெரிய சுருள் ஒன்று நிபுணரின் கிடங்கில் மிச்சம் கிடந்தது என்பதும் தேர்வைப் பாதிக்கவில்லை என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள், யாரும் கேட்காமலே.

“சார், இதுல எச்சம் பட்டா?” என்று அவள் கேட்டுவிட்டாள்.

நிபுணர் புன்னகைத்தார். மேசையிலிருந்து இயக்குநரின் தேநீரை எடுத்து ஒரு மடக்கு கம்பளத்தில் ஊற்றினார். அது உறிஞ்சிக்கொண்டது. கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார்.

“பாருங்க. பலகைக்கு ஒரு சொட்டுகூடப் போகல. எல்லாத்தையும் தனக்குள்ளயே வெச்சுக்கும்.”

“அதைத்தான் சார் கேக்கறேன். வெச்சுக்கிட்டு என்ன பண்ணும்? அழுகும். கோழி அது மேலதான் நிக்கணும். ஒரு கோழியைக் கொண்டுவந்து ஒரு ராத்திரி விட்டுப் பாக்கலாமே? எங்க வீட்டுலேந்து நானே கொண்டுவர்றேன்.”

நிபுணருக்கு முதன்முறையாகப் புன்னகை போனது.

“கோழியை விட்டா சாம்பிள் கெட்டுப்போயிடும்மா. கெட்டுப்போன சாம்பிளை வெச்சுக்கிட்டு எப்படி முடிவெடுக்கறது? ஒரு நல்ல தரை நல்லா இருக்கணும்னா அதுமேல யாரு நிக்கிறாங்கங்கறது ரொம்ப முக்கியம். என் அனுபவத்துல சொல்றேன், மரத்தரைக்கு முதல் எதிரி கோழிதான்.”

“குறிச்சுக்கோ” என்றார் இயக்குநர் அவளிடம். “நல்ல பாயிண்ட்.”

முதல் கம்பளம் அவள் வீட்டுக் கூண்டுக்கே வந்தது. பிளெக்ஸ் விவகாரத்தில் வாரியத்தின் பெயர் கெட்ட இடத்திலேயே வாரியத்தின் பெருமை நிலைநாட்டப்பட வேண்டுமாம். அழுகின பலகையை மாற்றவில்லை. அதன் மேலேயே ஒட்டி, பித்தளை ஆணி அடித்துவிட்டுப் போனார்கள்.

அம்மா சொக்கிப்போனாள். இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். கூண்டுக்குள் தலையை விட்டுக் கன்னத்தைக் கம்பளத்தில் வைத்துப் பார்த்தாள்.

“நம்ம வீட்டுல மனுசங்களுக்குக்கூட இப்படி ஒண்ணு இல்ல பாப்பா.”

“கோழி உள்ள போனா நாளைக்குக் காலையில தெரியும் இதோட லட்சணம்.”

ஆனால் கோழி உள்ளே போகவில்லை. இயக்குநர் வாரியத்தில் இருந்தபடியே கூண்டைத் திறந்துவைக்கப் போகிறார், அதுவரை கம்பளத்தில் ஒரு கறை படக் கூடாது, கோழிகளை வெளியில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கண்காணிப்பாளர் அம்மா சொல்லிவிட்டார். கூண்டுக்கு ஒரு பூட்டும் வந்தது. சாவி வாரியத்தில்.

“வெளியில வெச்சா நாய் வரும் மேடம்.”

“நாலு நாள்தானேம்மா. அடுத்த கூட்டத்துல உன் பர்மனன்ட் விஷயமும் வருது. உங்கம்மாவை மேடையில நன்றி சொல்ல வெச்சு, கையோட உன் காரியத்தையும் முடிச்சுடலாம்னு சார் சொல்லியிருக்கார். கெடுத்துக்காத.”

நாலு நாள் தள்ளிப்போனது. இயக்குநருக்கு ஒரு கருத்தரங்கு. அப்புறம் ஜலதோஷம். அப்புறம் ஜலதோஷம் தீர்ந்ததற்கு ஓய்வு. அம்மா ஒரு பெரிய கூடையைக் கவிழ்த்து அதற்குள் கோழிகளை அடைத்து, மேலே அம்மிக்கல் பாரத்துக்கு ஒரு கல்லை வைத்தாள். மழை பெய்தது. கூடைக்குள் கோழிகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நனைந்துகொண்டு நின்றன. எதிரில் பூட்டிய கூண்டுக்குள் கம்பளம் காய்ந்து, மெத்தென்று, ஒரு ராஜா வரப்போகிற மாதிரி இருந்தது. அம்மா தினமும் வலை வழியாகக் குச்சியில் துணி கட்டி அதைத் தூசி தட்டினாள்.

ஒருநாள் காலை மகள் பல் துலக்கிக்கொண்டே பின்பக்கம் வந்தபோது கல் உருண்டு கிடந்தது. கூடை வேலியோரம் கிடந்தது. முற்றம் முழுக்க ஈர இறகு. மேனேஜரை அதன் கால் புண்ணை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது, ஏனென்றால் கால் மட்டும்தான் இருந்தது. கூண்டின் கூரைமேல் ஏறித் தப்பித்த மூன்று கோழிகள் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தன. எப்போதும் எதற்காவது கத்துகிறவை.

அம்மா இறகுகளைப் பொறுக்கத் தொடங்கினாள். எதற்கு என்று கேட்க மகளுக்கு மனம் வரவில்லை. கண்காணிப்பாளர் அம்மாவுக்குப் போன் செய்தாள். நாய் வந்து கோழிகளைக் குதறிவிட்டதைச் சொன்னாள். மறுமுனையில் நிஜமான பதற்றத்தோடு ஒரு குரல்:

“அடக் கடவுளே! கார்ப்பெட்டுக்கு ஒண்ணும் ஆகலையே?”

போன் சத்தமாக வைத்திருந்ததால் அம்மாவுக்கும் கேட்டது. அம்மா இறகுகளைக் கீழே போட்டாள். எழுந்து போய்ப் பூட்டை அந்தக் கல்லாலேயே அடித்தாள். மூன்றாவது அடியில் தாழ்ப்பாளோடு பெயர்ந்து வந்தது. கம்பளத்தின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தாள். அடியில் ஊறிக் கிடந்த பலகையும் பிட்டுப் பிட்டாகக் கூடவே வந்தது. அதில் வெள்ளைப் புழு நெளிந்தது. ஒரு கோழிகூட மிதிக்காத கம்பளத்தின் அடிப்பக்கத்தில்.

“நீ ஆபீஸுக்குக் கிளம்பு” என்றாள் அம்மா, மூச்சு வாங்க. “இன்னிக்குத்தான் அந்தக் கூட்டம், உன் பர்மனன்ட்டு. கோழிதான் போச்சு, அதையாவது வாங்கிக்கிட்டு வா.”

“நீ?”

“நான் கடைக்கு வர்றேன். உங்க ஆபீஸ் எதிர்க்கடைதானே. ரெண்டு பலகையும் ஷீட்டும் வாங்கணும். மிச்சம் இருக்கறதுங்க ராத்திரி எங்க படுக்கும்?”

அவள் தலையை வாரிக்கொண்டு கிளம்பினாள். வழியில் யோசிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

கூட்ட அறையில் பூங்கொத்து வைத்திருந்தார்கள். திரையில் அவள் வீட்டுக் கூண்டின் உட்புறம் ஒளிர்ந்தது. முந்தின வாரம் எடுத்த படம். இயக்குநர் பேசிக்கொண்டிருந்தார்.

“பாருங்க. இத்தனை நாள் ஆச்சு. ஒரு கறை? ஒரு இறகு? ஒரு துளி எச்சம்? கிடையாது. இது எப்படிச் சாத்தியமாச்சு? நிபுணர் அன்னிக்கே சொன்னார், தரைக்கு எதிரி கோழின்னு. நாம கோழியையும் தரையையும் பிரிச்சோம். அவ்வளவுதான். இவ்வளவு வருஷமா உலகத்துல யாருக்கும் தோணாத தீர்வு. இனிமே நம்ம எல்லாக் கூண்டுலயும் இதையே நடைமுறைப்படுத்தப் போறோம். கம்பளம் உள்ள, கோழி வெளியில. கூண்டு நூறு வருஷம் நிக்கும்.”

கைதட்டல் ஓய்ந்ததும் கண்காணிப்பாளர் அம்மா அவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். “டெம்பரரி, மேல வா. உங்கம்மா சார்பா ரெண்டு வார்த்தை. இன்னிக்கோட அந்தப் பேரு உனக்குக் கிடையாது!”

சிரித்தார்கள். அன்பாகவே சிரித்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

அவள் ஒலிபெருக்கிக்குப் போகவில்லை. நின்ற இடத்திலிருந்தே பேசினாள். அவள் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை.

“கோழிங்க செத்துப்போச்சு சார். நேத்து ராத்திரி நாய் கடிச்சு. மூணுதான் மிச்சம்.”

இயக்குநர் தலைகுனிந்து, சரியான நேரம் கழித்து நிமிர்ந்தார்.

“ரொம்ப வருத்தமான விஷயம்மா. வாரியம் சார்பா இரங்கலைத் தெரிவிச்சுக்கறேன். ஆனா கோழி வாரியத்தோட சொத்து கிடையாது, கூண்டுதான் சொத்து. சொத்துக்குச் சேதம் இல்லைங்கறப்போ திட்டத்தைத் தோல்வின்னு சொல்ல முடியாது. நீ படிச்ச பொண்ணு. இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரியணும்.”

“சேதம் இருக்கு சார். கம்பளத்தைப் பிய்ச்சுத் தெருவுல போட்டாச்சு. அந்த நாய்ங்கதான் அதுமேல படுத்திருக்கு. ரொம்ப மெத்துன்னு இருக்குபோல, எழுந்திருக்கவே மாட்டேங்குது. உங்களை மாதிரியே.”

துணை இயக்குநரின் கையிலிருந்த பிஸ்கட் தேநீருக்குள் விழுந்தது. கண்காணிப்பாளர் அம்மா நெஞ்சில் கை வைத்தார். கோபப்படாததற்குப் பெயர்போன இயக்குநர், அந்தப் பெயரை அன்றைக்கு இழந்தார்.

“என்ன பேசறோம்னு தெரிஞ்சுதான் பேசறியா? கூண்டு திரும்பப் போயிடும். உன் வேலையும் போயிடும். அந்த மாதிரி வீட்டுலேந்து வந்த பொண்ணுக்கு இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது, தெரியுமா?”

“அந்த மாதிரி வீட்டுலேந்து வந்ததாலதான் சார், அந்த ஷீட்டைப் பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சுது அதான் சரின்னு. உங்களுக்கு அது கேவலமாத் தெரிஞ்சுது. உங்க காலுக்கு எது சுகமோ அதை எங்க தலையில கட்டினீங்க. அதுக்கு நான் மேடையேறி நன்றி சொல்லணுமா?”

மேசைமேல் அவள் குறிப்பெடுக்கிற பேனா கிடந்தது. அது வாரியத்துடையது, விட்டுவிட்டாள். சாப்பாட்டு டப்பாவும் தண்ணீர் பாட்டிலும் அவளுடையவை. எடுத்துப் பைக்குள் போட்டாள். கூட்ட அறைக்கும் இப்போது விரித்திருந்த மெரூன் கம்பளத்தின்மேல் அவளுடைய செருப்பு சத்தமே எழுப்பவில்லை. கதவைத் திறந்தாள்.

“எங்க போற? கூட்டம் முடியல!” என்று பின்னாலிருந்து இயக்குநர் கத்தினார். “உன்னைத்தான் கேக்கறேன், எங்க போற?”

“அம்மா கேட் வாசல்ல ஷீட்டோட நிக்கிறாங்க சார். வெட்டும்போது ஒரு முனையை யாராவது பிடிக்கணும்.”